உட்காரவும் நடக்கவும்

என் அக்கா மகள் ஒரு நாளைக்கு 1,900 காலடிதான் நடக்கிறாள் என்று அவளுடைய கைபேசி சொல்கிறது. கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் அதைப் பார்த்த மருத்துவர் தலையை ஆட்டியிருக்கிறார். "இந்த வயசுல இவ்ளோ கம்மியா நடந்தா எப்படிம்மா?" என்று கேட்டுவிட்டுச் சீட்டில் மூன்று வரி எழுதிக் கொடுத்திருக்கிறார். எண்ணெய்ப் பண்டம் குறைக்கவும். தண்ணீர் நிறையக் குடிக்கவும். தினமும் 30 நிமிடம் நடக்கவும்.

கைபேசியின் மேல் தவறில்லை. ஷிஃப்டுக்குள் நுழையும்போதே அதை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். எட்டரை மணி நேரம் கழித்து வெளியே எடுக்கும்போது, லாக்கருக்குள் தான் எவ்வளவு நடந்தோம் என்பதைத்தான் அது சொல்லும். இடுப்பிலேயே கட்டிக்கொண்டு போயிருந்தாலும் எண்ணிக்கை பெரிதாக ஏறியிருக்காது. இது எனக்குத் தெரியும். 2007 முதல் மூன்று வருடம் நானும் இதே பகுதியில் ஒரு லைனில் நின்றவள்தான். அங்கே யாரும் நடப்பதில்லை. பாகம் நம்மிடம் வரும், நம் கை வேலை செய்யும், பாகம் நகர்ந்து போகும். கால் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

சீட்டை என்னிடம் காட்டிவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டாள். "சித்தி, நாள் பூரா நின்னவள நடக்கலன்னு சொல்றாங்க. அப்ப நாள் பூரா நான் இன்னாதான் பண்ணேன்?"

அவளுக்குச் சொல்ல என்னிடம் அன்றைக்கு ஒழுங்கான பதில் இல்லை. தேடிப் படித்ததில் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரி. வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஒரகடம் என்றால் இப்போது கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என்று எல்லாம் உருவாகும் இடம். என் சிறுவயதில் அது பஸ் நின்று போகும் ஊர், அவ்வளவுதான். அந்தப் பக்கம் ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியபோது லைனில் நின்றவர்களில் பெரும்பகுதி இளம்பெண்கள். 2014 நவம்பர் 1ஆம் தேதி அந்த ஆலை மூடப்பட்டது. பின்னால் வேறு ஆலைகள் வந்தன, வேறு பெண்கள் வந்தார்கள். நிற்பது மட்டும் மாறவில்லை.

என் அம்மா நின்றதில்லை. குனிந்தாள். நடவு, களையெடுப்பு, அறுப்பு, தலையில் கட்டு சுமந்து களத்துக்கு நடை. வீட்டுக்கு வந்தால் தண்ணீர், விறகு, உரல், அம்மி. உடற்பயிற்சி என்ற சொல் அவளுக்குப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் வரிசையாக நின்று கை தூக்குவதைத்தான் குறிக்கும். "அந்தக் காலத்துப் பொம்பளைங்க உரல்ல இடிச்சாங்க, அம்மியில அரைச்சாங்க, அதனால சுகப்பிரசவம் ஆச்சு, சர்க்கரை வரல" என்று சொல்பவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெரும்பாலும் ஆண்கள். உரலில் இடித்தவர்கள் யாராவது இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தப் பெண்களின் உடம்பு என்ன ஆனது என்பதை எங்கள் பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலேயே கேட்டவர்கள் இருக்கிறார்கள். 1981இல் செங்கல்பட்டில் டி.கே. சுந்தரி ரவீந்திரனும் கிராமத்துத் தலித் பெண்களும் சேர்ந்து தொடங்கிய கிராமப்புறப் பெண்கள் சமூகக் கல்வி மையம், கருப்பை இறக்கத்தோடு வாழும் பெண்களிடமே பேசி 1990களில் ஓர் ஆய்வு செய்தது. "அடி இறங்கிப்போச்சு" என்று எங்கள் ஊரில் தாழ்ந்த குரலில் சொல்வார்களே, அதுதான். பிரசவமான உடம்பு தேறுவதற்கு முன்பே பளு தூக்கும் வேலைக்குப் போனவர்கள், ஓய்வெடுக்க வழியில்லாதவர்கள், அதைச் சுமந்துகொண்டே வருடக்கணக்கில் நாற்று நட்டவர்கள். உடல் உழைப்புக்கு அவர்கள் வாழ்க்கையில் குறைவே இல்லை. அதை எப்போது நிறுத்தலாம் என்பதுதான் அவர்கள் கையில் இல்லை.

அதனால், 1950களில் கோவையில் பிறந்த கிரைண்டர் எத்தனையோ கைமாறி 2011க்குப் பிறகு அரசாங்கத்தின் விலையில்லாப் பொருளாக எங்கள் தெருவுக்கு வந்தபோது, அம்மா அதைத் துணி போட்டு மூடி வைத்துப் பார்த்துக்கொண்டதை நான் கேலி செய்ய மாட்டேன். உரல் கொல்லைப்பக்கம் போனது. அதில் இப்போது மழைத்தண்ணீர் நிற்கிறது. உடம்புக்கு நல்லது என்று யாராவது அதை மறுபடியும் உள்ளே கொண்டுவரச் சொன்னால், அவர்களையே இரண்டு படி அரிசி இடிக்கச் சொல்ல வேண்டும்.

சரி, உடல் உழைப்பு இதயத்துக்கு நல்லது என்பதை முதலில் யார் எண்ணிப் பார்த்துச் சொன்னது? ஜெர்ரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லண்டனில் மாரடைப்பு கூடிக்கொண்டே போனது. காரணம் தேடியவருக்கு லண்டனின் இரண்டடுக்குப் பேருந்துகள் வசதியாக அமைந்தன. ஓட்டுநர் ஷிஃப்ட் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். நடத்துநர் மாடிக்கும் கீழுக்குமாக ஒரு நாளில் 500 முதல் 750 படி ஏறுகிறார். இருவரும் ஒரே வண்டியில், ஏறத்தாழ ஒரே மாதிரிக் குடும்பத்திலிருந்து வந்தவர்கள். சுமார் 31,000 போக்குவரத்துத் தொழிலாளர்களின் கணக்கைப் பார்த்ததில், ஓட்டுநர்களுக்கு இதய நோய் அதிகமாகவும் கடுமையாகவும் வந்தது தெரிந்தது. 1953இல் லான்செட் இதழில் வெளியான இந்த ஆய்விலிருந்துதான் இன்றைக்கு மருத்துவர் எழுதிக் கொடுக்கும் '30 நிமிடம் நடக்கவும்' என்ற வரி கிளைவிட்டு வந்திருக்கிறது. சீருடைகளின் இடுப்பளவை வைத்தும் மோரிஸ் குழு ஓர் ஆய்வு வெளியிட்டது. ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பு பெரிது. இந்த ஆளை எனக்குப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

ஆனால் அந்த 31,000 பேரும் ஆண்கள். உலகப் போர்க் காலத்திலேயே லண்டன் பேருந்துகளில் பெண் நடத்துநர்கள் ஆயிரக்கணக்கில் வேலை பார்த்தார்கள். மோரிஸ் எண்ணத் தொடங்கியபோதும் அதே படிகளில் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போய் அவர்கள் எத்தனை படி ஏறினார்கள் என்பதும் கணக்கில் வரவில்லை.

பிறகு ஆய்வுகள் வேலையிடத்தை விட்டு ஓய்வுநேரத்தின் பக்கம் போயின. மேற்கே வேலை மேசைக்கு மாறிக்கொண்டிருந்தது. மோரிஸே 1960களின் இறுதியில் ஆண் அரசு ஊழியர்கள் வாரக் கடைசியில் என்ன செய்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கினார். 1965இல் ஜப்பானில் யமாசா நிறுவனம் இடுப்பில் மாட்டும் காலடிக் கணக்கி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்து அதற்கு 'பத்தாயிரம் அடி அளவி' என்று பெயர் வைத்தது. நம் கைபேசிகளில் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கும் 10,000 என்ற எண் அங்கிருந்து வந்தது. அது ஒரு விற்பனைப் பெயர். 2019இல் அமெரிக்காவில் வயதான பெண்களிடம் செய்த ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே இறப்பு அபாயம் குறைந்திருந்தது. 7,500 அடியைத் தாண்டிய பிறகு கூடுதல் பலன் தெரியவில்லை. அந்த ஒரு முறையாவது பெண்களை எண்ணிப் பார்த்தார்கள்.

ஓய்வுநேரம் என்ற ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டுதான் இந்த அறிவுரை முழுவதும் நிற்கிறது. 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அதே வேலையில் கை வைக்கும் ஆண்கள் 97 நிமிடம். கை வைக்காத ஆண்கள் இந்தச் சராசரியில் சேரவே இல்லை. மருத்துவர் கேட்ட 30 நிமிடத்தை இந்த 299இலிருந்து எடுப்பதா, தூக்கத்திலிருந்து எடுப்பதா?

இனி என் அக்கா மகளின் கேள்விக்கு வருகிறேன். நாள் பூரா அவள் என்னதான் செய்தாள்?

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்படி பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடல் உழைப்பு வேண்டும். மிதமானது என்றால் மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும், இதயம் சற்று வேகமாக அடிக்க வேண்டும். அலுவலக வேலை, வீட்டுவேலை, நடை, விளையாட்டு எல்லாம் இதில் சேரும். நிற்பது சேராது. இந்த அளவுகோலை வைத்துத்தான் 2022ஆம் ஆண்டில் இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 42 சதவீதம் பேருக்கும் உடல் உழைப்பு போதவில்லை என்ற கணக்கு 2024இல் வெளியானது. செய்தித்தாள்கள் இந்தியப் பெண்கள் சோம்பிவிட்டதைப் போல எழுதின. ஓரிடத்தில் நின்று விரலையும் தோளையும் மட்டும் அசைக்கும் பெண் மாலையில் துவண்டு விழுந்தாலும் இந்தக் கணக்கில் உழைப்பு போதாதவள்தான். களைப்பு வேறு, அசைவு வேறு. லைன் அவளுக்குக் களைப்பை மட்டும் கொடுத்துவிட்டு அசைவை எடுத்துக்கொள்கிறது.

நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளும். அசையாமல் நின்றால் அந்தப் பம்பு வேலை செய்யாது. ரத்தம் காலிலேயே தேங்கும், பாதம் வீங்கும், நரம்பு சுருட்டிக்கொள்ளும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சுமார் 7,300 தொழிலாளர்களை 12 வருடம் தொடர்ந்த ஆய்வு ஒன்று 2017இல் வந்தது. பெரும்பாலும் நின்றே செய்யும் வேலையில் இருந்தவர்களுக்கு, உட்கார்ந்து வேலை செய்தவர்களைவிட இதய நோய் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. டென்மார்க்கின் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் குழு கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவலை வைத்து 2021இல் வெளியிட்ட முடிவும் இதையொட்டியதுதான். ஓய்வுநேரத்தில் உடம்பை அசைப்பவர்களுக்கு ஆபத்து குறைகிறது. வேலையில் உடம்பை வருத்துபவர்களுக்குக் கூடுகிறது. தனக்குப் பிடித்தபோது தொடங்கி, மூச்சு வாங்கினால் நின்று, பிறகு இளைப்பாறும் அசைவை உடம்பு ஒரு விதமாக எடுத்துக்கொள்கிறது. இளைப்பாற இடமில்லாமல் மணிக்கணக்கில் நீள்வதை வேறு விதமாக எடுத்துக்கொள்கிறது. செங்கல்பட்டுப் பெண்கள் சொன்னதும் கோபன்ஹேகன் சொல்வதும் வெகுதூரத்தில் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கிடையில் ஐ.டி. அலுவலகங்களில் நின்றுகொண்டு வேலை செய்யும் மேசை வாங்குகிறார்கள். அதில் தப்பில்லை. அந்த மேசையை ஏற்றவும் இறக்கவும் ஒரு பொத்தான் இருக்கும், பொத்தான் உட்கார்ந்திருப்பவரின் கையில் இருக்கும்.

உட்காருவதற்கு உரிமை கேட்ட வரலாறு பழையது. இங்கிலாந்தில் 1899இலேயே கடைப் பணிப்பெண்களுக்கு இருக்கைச் சட்டம் வந்துவிட்டது. மூன்று பெண்களுக்கு ஒரு இருக்கை. நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நின்று வேலை செய்பவர்களுக்கு வேலைக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் உட்கார ஏற்பாடு வேண்டும் என்றது. அதோடு நிற்கவில்லை. ஒரு வேலையை உட்கார்ந்தபடியே திறமையாகச் செய்ய முடியும் என்று தலைமை ஆய்வாளர் கருதினால், இருக்கை போடச் சொல்லி உத்தரவிடும் அதிகாரத்தையும் கொடுத்தது. சர்க்யூட் போர்டில் கண்ணுக்கே தெரியாத பாகத்தைப் பொருத்தும் வேலையை நின்றுகொண்டுதான் செய்ய வேண்டும் என்று எந்தப் பொறியியல் புத்தகம் சொல்கிறது?

கேரளத்தில் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைப் பெண்கள் விஜி முன்னின்று நடத்திய பெண்கூட்டு அமைப்பில் சேர்ந்து முதலில் கழிப்பறை கேட்டார்கள், பிறகு உட்காரும் உரிமை கேட்டார்கள். துணிக்கடைகளில் வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் சுவரில் சாயக்கூடாது என்று இருந்த நிலை அது. 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. காஞ்சிபுரம் பட்டுக்கடைகளிலும் தி.நகர் துணிக்கடைகளிலும் நிற்கும் பெண்களுக்கு அது பொருந்தும். ஆலைகளுக்கு 1948லிருந்தே இருக்கிறது என்பதால் அங்கே புதிதாக எதுவும் வரவில்லை.

நான் நின்ற லைனில் ஸ்டூல் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. ஸ்டோர் அறையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து யாராவது பார்வையிட வரும் நாளில் இறங்கும், மறுநாள் ஏறிவிடும். உட்கார்ந்தால் தூக்கம் வரும், டார்கெட் போகாது என்பது சூப்பர்வைசர் சொன்ன காரணம். கழிப்பறைக்குப் போக ரிலீவர் வர வேண்டும். ரிலீவர் வரும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும். அதனால் நாங்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டோம். நீர்க்கடுப்பு வராத பெண் எங்கள் லைனில் இல்லை. 'தண்ணீர் நிறையக் குடிக்கவும்' என்ற வரியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்ததற்குக் காரணம் அதுதான்.

ஒரு சாதாரண நாளுக்குள் உடம்பின் அசைவை நுழைப்பது நடக்காத காரியமா? நடந்திருக்கிறது. அதுவும் நம் தமிழ்நாட்டில், ஏழைப் பெண்கள் மத்தியில். 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். கல்குவாரிப் பெண்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள் என்று பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். 1992இல் ஒரே வாரத்தில் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் மேடை போட்டதுபோலப் பொதுவெளியில் ஓட்டிக் காட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். பின்னால் குழந்தை, கம்பியில் குடம், கேரியரில் சந்தைக்குப் போகும் சாமான். வழியில் நின்று அசிங்கமாகப் பேசிய ஆண்களைத் தாண்டித்தான் போனார்கள். பெண் குழந்தைகளுக்கு ஓட்டமும் குத்துச்சண்டையும் பழக்க வேண்டும் என்று பெரியார் எழுதியும் பேசியும் அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து, அதற்கு மிக அருகில் வந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தப் பெண்கள் யாரும் உடல்நலத்துக்காக சைக்கிள் மிதிக்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சமானது. யாரையும் கேட்காமல் போய்வர முடிந்தது. மூச்சு வாங்கியது, தொடை வலுத்தது எல்லாம் கூடவே வந்தது.

எனக்கும் அது தெரியும். பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்கு 2001-02இல் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டத்தில் பதினோராம் வகுப்பில் எனக்கு ஒன்று கிடைத்தது. படப்பைக்கு அதில்தான் போனேன். அப்போது இந்தச் சாலை இவ்வளவு அகலமில்லை, கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கவில்லை. பள்ளி விட்டதும் நேராக வீட்டுக்கு வராமல் ஏரிக்கரை வழியாகச் சுற்றி வருவேன். எதற்குச் சுற்றினாய் என்று அம்மா கேட்டால் பஞ்சர் என்பேன். என் வாழ்நாளில் நானாக விரும்பி உடம்பை அசைத்த காலம் என்றால் அந்த இரண்டு வருடத்தைத்தான் சொல்வேன். சேரிப்பெண் சைக்கிளில் ஊர்த்தெரு வழியாகப் போகிறாளே என்று முறைத்தவர்கள் இருந்தார்கள். அவர்களைத் தாண்டும்போது இன்னும் வேகமாக மிதிப்பேன்.

கம்பெனிக்குப் போனதும் சைக்கிள் நின்றது. கம்பெனி பஸ் வாசலுக்கே வந்தது. இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அந்த பஸ்ஸுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இரவு ஏழு மணி முதல் காலை ஆறு மணி வரை பெண்கள் ஆலையில் வேலை செய்யக்கூடாது என்ற தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவுத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் ரத்து செய்தது. கூடவே பாதுகாப்பு நிபந்தனைகளை விதித்தது, அவற்றில் போக்குவரத்து வசதியும் ஒன்று. இரவு வேலைக்கான உரிமை பெண்களுக்கு பஸ்ஸோடு சேர்ந்துதான் வந்தது. இருட்டில் நடந்து வர முடியாத சாலையில் பஸ் தேவைதான். வாசலில் ஏறி ஆலையில் இறங்கி, ஆலையில் ஏறி வாசலில் இறங்கினால் நடைக்கு இடம் எங்கே?

விடுதிப் பெண்களின் நிலை இன்னும் இறுக்கம். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை அரசு திறந்தது. 706.50 கோடி ரூபாய் செலவு. கட்டடம் தேவையானதுதான், முன்பு இருந்த இடங்களைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் உணவு கெட்டு 150க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். அவர்களுக்கு என்ன ஆனது என்று யாரும் சொல்லாததால், கூட வேலை செய்தவர்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். ஷிஃப்ட் ஷிஃப்டாக நின்ற பெண்கள் அன்றைக்குச் சாலையில் உட்கார்ந்தார்கள். மணிக்கணக்கில் உட்கார்ந்தார்கள்.

2023 ஏப்ரல் 21 அன்று ஒரு நாளில் 12 மணி நேரம் வரை வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்புக்குப் பிறகு மூன்று நாளில் நிறுத்திவைத்து, மே நாளில் திரும்பப் பெற்றதாக அறிவித்தார்கள். அந்த நாட்களில் என் அக்கா மகள் ஒரு தாளில் கணக்குப் போட்டாள். வேலை 12, பஸ் இரண்டு, தூக்கம் ஏழு. மீதி மூன்று மணி நேரத்தில் குளியல், சமையல், துணி, சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமையோடு இன்னும் இரண்டு நாள் விடுமுறை வருமே என்று கேட்டேன். "அது தூங்கறதுக்கு சித்தி" என்றாள்.

மருத்துவர் சொன்னதை அவள் முயன்று பார்க்காமல் இல்லை. ஒரு வாரம் இரண்டு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி நடந்து வந்தாள். இரண்டாம் நாளே பைக்கில் இருவர் பின்னால் வந்தார்கள். அப்புறம் மாடியில் நடந்தாள். பக்கத்து வீட்டு ஆயா, "இன்னாடி கண்ணு, ராத்திரியில மாடியில சுத்துற, எதனா மனசுல கஷ்டமா?" என்று கேட்டிருக்கிறார். நான் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான். லைனில் நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கு, கெண்டைக்காலாவது அசையட்டும், யார் கண்ணுக்கும் தெரியாது. நாங்கள் அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தோம். சொல்லிவிட்டு எனக்கே சங்கடமாக இருந்தது. பதினேழு வருடத்துக்கு முன் யாருக்கும் தெரியாமல் செய்ததை இவளும் யாருக்கும் தெரியாமல் செய்ய வேண்டியிருக்கிறது.

போன மாதம் மறுபடியும் முகாம் நடந்தது. இந்த முறை பெண் மருத்துவர். அவள் பேண்ட்டை முழங்கால்வரை தூக்கி, கெண்டைக்காலில் புடைத்திருக்கும் நரம்பைக் காட்டியிருக்கிறாள். லைனில் தொடர்ந்து எவ்வளவு நேரம் நிற்கிறாய் என்று அவர் கேட்டிருக்கிறார். இதுவரை அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. நடக்கவும் என்பதற்குக் கீழே இன்னொரு வரி எழுதிக் கொடுத்தார்: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் உட்கார அனுமதிக்கவும், இருக்கை தரவும்.

சீட்டை லைன் லீடர் வாங்கி சூப்பர்வைசரிடம் கொடுத்தார். சூப்பர்வைசர் நகல் எடுத்துக்கொண்டு ஹெச்.ஆருக்கு அனுப்பினார். ஒருத்திக்கு ஸ்டூல் போட்டால் எல்லோரும் கேட்பார்கள் என்று அங்கே யாரோ சொன்னதாகப் பேச்சு. அதைக் கேட்டுவிட்டு, அவள் லைனில் இருக்கும் இன்னும் நான்கு பெண்கள் அடுத்த முகாமில் தங்கள் காலையும் காட்டுவதாக இருக்கிறார்கள்.